கரி அள்ளிய கை

மாதம் முப்பது டாலர் கூலி. மாதத்திலே ஒரே ஒரு நாள் ஓய்வு. அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, கலிபோர்னியா மாநிலத்து ஓக்லந்து நகரிலே, டிராம் வண்டிகளுக்கு மின்சாரம் தந்த நிலையத்தில், பாய்லருக்குக் கரி அள்ளிப் போட ஒரு பையன் சேர்ந்தான். 1893ஆம் ஆண்டு முடிந்து 1894 பிறந்த குளிர்காலம் அது. பையனுக்கு வயது பதினெட்டு. அவன் கரி அள்ளுவதற்காக அங்கே போகவில்லை. மின்சாரத் தொழில் கற்கவே போனான். கீழ்ப்படியிலிருந்து தொடங்கினால் மேலே வரலாம் என்று மேலாளர் நம்பிக்கை ஊட்டினார். கீழ்ப்படி எது என்றால், கரிக்கிடங்கு!

கரிவண்டியை நிரப்பு, தள்ளு, எடை போடு, பாய்லர் முன்னே கொட்டு, திரும்பு, மறுபடி நிரப்பு. பகலுக்கான கரியைத் தள்ளி முடித்ததும் இரவுக்கான கரியையும் அவனே சேர்த்து வைக்க வேண்டும். மணிக்கட்டு வீங்கிற்று, தோல்வார் கட்டிக்கொண்டு வேலை செய்தான். வீடு திரும்பும் வண்டியிலே உட்கார்ந்த உடனே தூங்கி விழுவான். உடல் வலிவிலே தனக்கு நிகர் இல்லை என்று இறுமாந்திருந்த இளைஞன் அவன். கப்பலிலே கயிறு இழுத்தவன். அவனே துவண்டு போனான். தன்னிடமே ஏதோ குறை என்று எண்ணி, இன்னும் விரைந்து அள்ளினான்.

கடைசியிலே, கூட வேலை செய்த தொழிலாளி ஒருவர், மனம் பொறுக்காமல், உண்மையைச் சொன்னார். அந்த வேலையை அதற்கு முன்பு செய்தவர் ஒருவர் அல்ல, இருவர்! பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். ஆளுக்கு மாதம் நாற்பது டாலர் வாங்கினார்கள். இருவரையும் அனுப்பிவிட்டு, எண்பது டாலர் வேலையை முப்பது டாலருக்கு இந்தப் பையனின் தலையிலே கட்டினார் மேலாளர். கம்பெனிக்கு மாதம் ஐம்பது டாலர் மிச்சம். இரண்டு குடும்பங்களின் சோற்றைத் தான் பறித்திருப்பதும், அதிலே தனக்கு ஆதாயம் ஏதுமில்லை என்பதும், அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. கரிவாரியைக் கீழே வைத்தான், வெளியே வந்தான்.

பின்னாளிலே அமெரிக்க நாட்டிலே மிகுதியாகப் பொருள் ஈட்டிய எழுத்தாளர்களிலே ஒருவராக விளங்கிய ஜாக் லண்டன்தான் அந்தப் பையன். பனிக்காட்டிலே ஓநாய்க் கூட்டத்தோடு சேர்ந்துவிடும் நாயின் கதையை, பெ. தூரன் ‘கானகத்தின் குரல்’ என்று தமிழாக்கித் தந்ததை நம்மில் சிலர் படித்திருக்கலாம். அந்த நாயின் கதையைவிட, அதை எழுதிய மனிதரின் கதை நமக்கு நெருக்கமானது. அதனாலேயே இங்கு அதைச் சொல்ல முனைகிறோம்.

1876 ஜனவரி 12ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரிலே பிறந்தான். தாய் புளோரா வெல்மன். தந்தை எனப்பட்டவர் வில்லியம் சேனி என்ற சோதிடர். கருவுற்ற பெண்ணைக் கைவிட்டுப் போனார் அந்தச் சோதிடர்; அவள் துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொள்ள முயன்றாள் என்று 1875 ஜூன் மாதத்திலே அந்நகரத்து ஏட்டிலேயே செய்தி வந்தது. ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அந்தப் பழைய ஏட்டைப் புரட்டி உண்மையைத் தெரிந்துகொண்ட மகன், சேனிக்குக் கடிதம் எழுதினான். தாம் தகப்பன் அல்ல என்றே பதில் வந்தது. ஊராருக்கெல்லாம் நாளும் கோளும் பார்த்துப் பலன் சொன்னவர், தம் பிள்ளையைப் பற்றி மட்டும் பலன் சொல்ல மறுத்துவிட்டார்! தாயோ ஆவிகளை அழைத்துப் பேசுவதாகக் கூறிக் கூட்டம் கூட்டியவள். சோதிடமும் ஆவியும் கூடிப் பெற்ற பிள்ளை, வளர்ந்து, டார்வினையும் மார்க்சையும் படித்தது என்பதிலே நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

பிள்ளை பிறந்தபோது தாய் நோயாளி. பால் கொடுக்க இயலவில்லை. அப்போது அந்தக் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டவர் வர்ஜீனியா பிரென்டிஸ் என்ற கருப்பினப் பெண். அடிமையாகப் பிறந்தவர், உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்றவர், தம் குழந்தையைப் பறிகொடுத்திருந்தவர். அவருடைய பாலைக் குடித்து, அவருடைய மடியிலே தவழ்ந்து வளர்ந்தவன் ஜாக். இந்தப் பெயரை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள். பின்னே இது தேவைப்படும்.

அதே ஆண்டிலே புளோரா, மனைவியை இழந்து பெண் மக்களோடு நின்ற ஜான் லண்டன் என்பவரை மணந்தாள். நல்ல மனிதர், ஆனால் தொட்டது துலங்காத மனிதர். பண்ணை வைத்தார், போயிற்று. வீடு மாறினார்கள், ஊர் மாறினார்கள்; வறுமை மட்டும் மாறவில்லை. பத்து வயதுப் பையன் விடியுமுன் எழுந்து தெருத்தெருவாகப் பத்திரிகை போட்டான். பள்ளிவிட்டு வந்து மறுபடி மாலைப் பத்திரிகை போட்டான். விடுமுறை நாளிலே பனிக்கட்டி வண்டியிலே வேலை. சம்பாதித்த காசு தாய் கைக்குப் போயிற்று.

ஆனால் ஓக்லந்திலே ஒரு பொது நூலகம் இருந்தது. காசு கேட்காத நூலகம். அதன் தலைவி ஐனா கூல்பிரித், தாமே கவிஞர். கந்தல் சட்டைப் பையன் எடுத்த புத்தகத்தைப் பார்த்து, நல்ல தேர்வு என்று பாராட்டினார் அந்த அம்மையார். அந்த ஒரு சொல்லை அவன் இருபது ஆண்டு மறக்கவில்லை. புகழ் பெற்ற பிறகு கடிதம் எழுதி நன்றி சொன்னான். நம் ஊர்களிலே படிப்பகம் நடத்துகிற தோழர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

பள்ளிக் கல்வி எட்டாம் வகுப்போடு நின்றது. காய்கனிகளை டப்பாவிலே அடைக்கும் தொழிற்சாலைக்குப் போனான். மணிக்குப் பத்து சென்ட். பத்து மணி நேரத்துக்குக் குறைந்த நாளே இல்லை. பதினெட்டு, இருபது மணி நேரம் நின்ற நாட்களும் உண்டு. ஒரு முறை முப்பத்தாறு மணி நேரம் இயந்திரத்தை விட்டு நகரவில்லை. இயந்திரம் தன்னைவிட நன்றாக நடத்தப்படுகிறது என்று பையன் கண்டான். குதிரையை இப்படி ஓட்டினால் குதிரை செத்துவிடும். செத்தால் முதலாளிக்கு நட்டம். பையன் செத்தால்? வாசலிலே இன்னொரு பையன் காத்திருக்கிறான்!

தப்ப வழி கடலிலே தெரிந்தது. அந்த வளைகுடாவிலே சிப்பிப் படுகைகள் தனியாருக்குச் சொந்தம். இரவிலே திருட்டுத்தனமாகச் சிப்பி வாரி விற்பவர்கள் ஒரே இரவிலே பல நாள் கூலியைப் பார்த்தார்கள். பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வந்தது: முந்நூறு டாலர். அவ்வளவு பணத்துக்கு அவன் யாரிடம் போனான்? பெற்றவளிடம் இல்லை; வளர்த்தவரிடம் இல்லை; வர்ஜீனியா பிரென்டிஸ் அம்மையாரிடம் போனான். நோயாளிக்குப் பணிவிடை செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எடுத்து நீட்டினார் அந்தத் தாய்.

திருடன் ஆனான், பிறகு, திருடரைப் பிடிக்கும் மீன்வளக் காவல் படையிலும் வேலை பார்த்தான். துறைமுகத்துச் சாராயக் கடைகள் அவனைப் பிடித்துக்கொண்டதும் அந்த நாளிலேதான். குடிகாரர்களுக்கு நடுவே ஆண்பிள்ளை என்று காட்டிக்கொள்ளக் குடித்தவன், பிறகு குடியை விட முடியாமல் தவித்தான். 1913இலே தம் குடிப்பழக்கத்தின் கதையை முழுப் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தால் அவர்கள் மதுக்கடையை மூடிவிடுவார்கள், ஆகவே கொடுங்கள் என்று வாதாடினார். எழுதினாரே தவிர, அவர் குடி நிற்கவில்லை.

1893 ஜனவரியிலே, கடல்நாய் வேட்டைக் கப்பலிலே மாலுமியாகச் சேர்ந்து ஜப்பான் கரை வரை போனான். திரும்பி வந்து பார்த்தால் நாடெங்கும் பொருளாதார நெருக்கடி, வங்கிகள் மூடிக்கிடந்தன, வேலை கேட்டு வரிசை வரிசையாக ஆட்கள். சணல் ஆலையிலே மறுபடி அதே மணிக்குப் பத்து சென்ட்! அந்த நேரத்திலே சான் பிரான்சிஸ்கோ நாளேடு ஒன்று இளைஞர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தது. தாய் தூண்டினாள். பதின்மூன்று மணி நேரம் ஆலையிலே நின்றுவிட்டு வந்து, இரவிலே கண் விழித்து, ஜப்பான் கடலிலே கண்ட சூறாவளியை எழுதினான். முதல் பரிசு, இருபத்தைந்து டாலர், ஆலைத் தொழிலாளிக்கே! இரண்டாவதும் மூன்றாவதும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு. ஏறத்தாழ ஒரு மாதக் கூலியை மூன்றே இரவிலே பேனா தந்துவிட்டது. ஆனாலும் அடுத்த கட்டுரையை அதே ஏடு திருப்பி அனுப்பியது. அவன் கரிக்கிடங்குக்குப் போனான். அங்கே நடந்ததைத்தான் முதலிலே சொன்னோம்.

கரிவாரியை வைத்தவன், 1894 ஏப்ரலிலே வேலையற்றோர் படை ஒன்றோடு புறப்பட்டான். அரசாங்கமே வேலை கொடு என்று கேட்டுத் தலைநகர் வாஷிங்டனுக்கு நாடு கடந்து நடந்த படை அது. நடுவழியிலே பிரிந்து, கள்ள ரயிலேறி, பிச்சை எடுத்து, நயாகரா அருவியைப் பார்க்கப் போனான். பார்த்தான், மறுநாளே பிடிபட்டான். குற்றம்: கையிலே காசில்லை, இருக்க வீடில்லை! நீதிபதி ஆளுக்கு அரை நிமிடம்கூட செலவிடவில்லை. வாய் திறக்க விடவில்லை. முப்பது நாள் சிறை. சிறைக்குள்ளே அவன் கண்ட கொடுமைகள் எழுதவே கூசுபவை. அங்கே அவனும் நல்லவனாக இருக்கவில்லை. கைதிகளுக்குள்ளே மேஸ்திரி போன்ற இடத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கைதிகளின் ரொட்டியிலே வியாபாரம் செய்தான். மறைக்காமல் அதையும் பிறகு எழுதினார் என்பதற்காக நாம் அவரை மதிக்கிறோம்.

சாலையிலே, சிறையிலே, அவன் சந்தித்தவர்கள் யார்? ஒரு காலத்திலே அவனைப் போலவே திரண்ட தோளும் நிமிர்ந்த மார்புமாக இருந்த தொழிலாளர்கள். இயந்திரத்திலே கை போனவர், வயதானதும் விரட்டப்பட்டவர், நோயிலே விழுந்தவர். தசையை விற்றுப் பிழைப்பவனுக்குச் சரக்கு தீர்ந்ததும் குப்பைத் தொட்டிதான் இடம் என்று கண்டான். இனி உடலை விற்பதில்லை, மூளையை விற்பது என்று முடிவு செய்தான். அந்த முடிவிலேதான் எழுத்தாளன் பிறந்தான். கலைமகள் கடாட்சத்திலே அல்ல!

பத்தொன்பது வயதிலே, பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு உயர்நிலைப் பள்ளி வகுப்பிலே உட்கார்ந்தான். அதே பள்ளியைக் கூட்டிப் பெருக்கிச் சம்பளம் வாங்கினான். 1896இலே சோசலிஸ்ட் தொழிலாளர் கட்சியிலே சேர்ந்தான், தெருமுனையிலே பேசினான், அனுமதியின்றிப் பேசியதாகக் கைதும் ஆனான். அதே ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே நுழைந்தான். ஒரே பருவம், அதற்குமேல் பணம் இல்லை. சலவைச்சாலையிலே துணி வெளுக்கப் போனான். மறுபடி மாதம் முப்பது டாலர்! அந்த முப்பது அவனை எங்கே போனாலும் துரத்தியது.

1897இலே வடக்கே குளோண்டைக் ஆற்றுப் பகுதியிலே தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி வர, ஊரே கிளம்பியது. அவனும் போனான். மூட்டையைத் தோளிலே சுமந்து சில்கூட் கணவாய் ஏறினான். ஒரு குளிர்காலம் முழுதும் மரக்குடிலிலே அடைபட்டுக் கிடந்தான். காய்கறி காணாத உணவினாலே ஸ்கர்வி நோய் கண்டு, ஈறு வீங்கிப் பல் ஆட, 1898இலே யூக்கான் ஆற்று வழியே படகிலே இறங்கி வந்தான். கொண்டுவந்த தங்கப் பொடி நாலரை டாலர் பெறும். வீட்டுக்கு வந்தபோது வளர்த்த தந்தை உயிரோடு இல்லை. குடும்பப் பாரம் அவன் தலையிலே. ஆனால் அந்த மரக்குடிலிலே, அடுப்பைச் சுற்றி அமர்ந்து முதிய சுரங்கக்காரர்கள் சொன்ன கதைகள் எத்தனை! எடை போட முடியாத தங்கம் அது.

எழுதத் தொடங்கினான். எழுதியதெல்லாம் திரும்பி வந்தன. கைக்கடியாரம் அடகுக் கடைக்குப் போயிற்று, சைக்கிள் போயிற்று, வளர்த்த தந்தை விட்டுச்சென்ற ஒரே சொத்தான மழைக்கோட்டும் போயிற்று. அஞ்சலகத் தேர்வு எழுதி வைத்திருந்தான், வேலையும் வந்தது. மாதம் அறுபத்தைந்து டாலர், ஆயுளுக்கும் நிலையான சம்பளம். 1899 ஜனவரியிலேதான் ஒரு திங்களிதழ் அவனுடைய வடநாட்டுக் கதை ஒன்றை வெளியிட்டது. கூலி ஐந்து டாலர்! ஒரு கதைக்கு ஐந்து டாலர் என்றால் கரிக்கிடங்கே மேல். அடுத்து வேறோர் இதழ் ஒரு கதைக்கு நாற்பது டாலர் தந்தது. நிலையான அறுபத்தைந்தா, நிலையற்ற நாற்பதா? தாய் சொன்னாளாம்: அஞ்சலக வேலை வேண்டாம், எழுது என்று. சோற்றுக்கு ஏங்கிய வீட்டிலே அப்படிச் சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும். அவளைப் பற்றி முன்னே சற்றுக் கடுமையாகச் சொன்ன நாம், இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன் பின் ஏற்றம் விரைந்து வந்தது. 1900இலே முதல் கதைத் தொகுதி. 1903இலே ‘கானகத்தின் குரல்’. வார இதழ் ஒன்று எழுநூற்றைம்பது டாலர் கொடுத்தது. புத்தக உரிமையை மாக்மில்லன் நிறுவனத்துக்கு ஒரே தொகையாக இரண்டாயிரம் டாலருக்கு விற்றுவிட்டார். பிறகு அந்தப் புத்தகம் பல இலட்சம் படிகள் விற்றது. அவருக்கு மேற்கொண்டு உரிமைத்தொகை கிடையாது. தசையை விட்டு மூளையை விற்க வந்த இடத்திலும் வாங்குகிறவனுக்கே பெருலாபம்! தம் எழுத்தைத் தெய்வீகம் என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. நாள்தோறும் ஆயிரம் சொல் என்று கணக்கு வைத்து, கரி அள்ளியது போலவே எழுதினார். கதைக்கான கரு தீர்ந்தபோது விலைக்கும் வாங்கினார். விற்ற இளைஞர் சிங்க்ளேர் லூயிஸ், பின்னாளிலே நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்க எழுத்தாளர்.

1902இலே லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதிக்குப் போனார். பழந்துணிக் கடையிலே கந்தல் வாங்கி உடுத்திக்கொண்டு, ஏழை விடுதிகளிலே படுத்து, வீடற்றவர்களோடு இரவெல்லாம் தெருவிலே நடந்து எழுதிய நூலைத் தம் நூல்களிலெல்லாம் தாம் அதிகம் நேசித்ததாகச் சொன்னார். ஓக்லந்து நகரத் தலைவர் பதவிக்குச் சோசலிஸ்டாக நின்றார்: 1901இலே 245 வாக்கு, 1905இலே 981 வாக்கு. பல்கலைக்கழகங்களுக்குப் போய்ப் புரட்சி பற்றிப் பேசினார். 1908இலே வெளியான ‘இரும்புக் குதிகால்’ நாவலிலே, செல்வர் கூட்டம் ஒன்று சட்டத்தையும் படையையும் பத்திரிகையையும் கைப்பற்றிக்கொண்டு, உழைப்பாளரை நசுக்கி ஆளும் காட்சியைக் காட்டினார். ஐரோப்பாவிலே பாசிசம் தலை தூக்கிய நாளிலே, பலர் அதை மறுபடி எடுத்துப் படித்து வியந்தார்கள்.

இப்போது அந்தப் பெயருக்கு வருவோம்: வர்ஜீனியா பிரென்டிஸ்.

1908 டிசம்பர் 26ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே, ஜாக் ஜான்சன் என்ற கருப்பினக் குத்துச்சண்டை வீரர், வெள்ளையரான டாமி பர்ன்சை வீழ்த்தி உலகப் பட்டம் வென்றார். கருப்பர் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது அதுதான் முதல் தடவை. அங்கே செய்தியாளராக உட்கார்ந்திருந்தவர் ஜாக் லண்டன். வென்றவரின் திறமையை அவர் மறைக்கவில்லை. ஆனால் எழுதி முடிக்கும்போது, ஓய்வு பெற்றுப் பண்ணையிலே இருந்த வெள்ளை வீரர் ஜெஃப்ரிஸ் மறுபடி வந்து பட்டத்தை வெள்ளையருக்கு மீட்டுத் தர வேண்டும் என்று அறைகூவல் விட்டார். அந்த அறைகூவல் நாடெங்கும் எதிரொலித்தது. 1910 ஜூலை 4ஆம் நாள் ரீனோ நகரிலே சண்டை நடந்தது. பதினைந்தாம் சுற்றிலே ஜெஃப்ரிஸ் விழுந்தார். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றிலே கருப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்கள் பலியாயின.

பாட்டாளிகள் ஒரே குலம் என்று மேடையிலே முழங்கியவர் எழுதிய எழுத்தா இது? இதுவேதான். கருப்பினத் தாயின் பாலை உண்டவர், அவருடைய முந்நூறு டாலரிலே முதல் விடுதலை பெற்றவர், வெள்ளை இனமே மேலானது என்று நம்பினார். பல இடங்களிலே எழுதியும் வைத்தார். அந்தக் காலத்து அமெரிக்காவிலே எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று சிலர் சமாதானம் கூறுவர். எல்லாரும் வணங்கிய முதலாளியை எதிர்த்து நிற்கத் தெரிந்தவருக்கு, எல்லாரும் நம்பிய இந்தப் பொய்யை எதிர்க்க மட்டும் தெரியாமல் போனதேன் என்றே நாம் கேட்கிறோம். பிறப்பினாலே உயர்வு தாழ்வு என்ற நஞ்சு, மார்க்சைப் படித்த மண்டையிலேயும் ஒரு மூலையிலே குடியிருக்கும். நம் நாட்டுக்கு அது புதிய செய்தியும் அல்ல.

ஆனால் வியப்பு என்னவென்றால், கட்டுரையிலே அப்படி எழுதியவர், கதை எழுத உட்கார்ந்தால் வேறு மனிதராகிவிடுகிறார். தாகித்தித் தீவின் பருத்தித் தோட்டத்திலே, பெயர்க் குழப்பத்தால் தவறான ஆள் என்று தெரிந்தும், நேரம் வீணாகிவிடக் கூடாதே என்று ஒரு சீனக் கூலியின் தலையைப் பிரெஞ்சு அதிகாரிகள் வெட்டும் கதையை எழுதினார். நோயைக் காட்டித் தம் மண்ணிலிருந்து பெயர்க்க வந்த வெள்ளையரைத் துப்பாக்கியோடு எதிர்த்து நிற்கும் ஹவாய்த் தீவு மனிதரின் கதை எழுதினார். புரட்சிக்குத் துப்பாக்கி வாங்கக் குத்துச்சண்டை மேடை ஏறும் மெக்சிகோ இளைஞனின் கதையை 1911இலே எழுதினார். அப்பாடா, திருந்திவிட்டார் என்று நாம் எண்ணி வாய்மூடுமுன், 1914இலே மெக்சிகோவுக்கே செய்தியாளராகப் போய், அங்கே நுழைந்த அமெரிக்கப் படையைப் புகழ்ந்து எழுதினார்!

பணம் வந்தது, வந்த வேகத்திலே போயிற்று. கிளென் எல்லனிலே பெரும் பண்ணை. சொந்தக் கப்பலிலே தென்கடல் பயணம். சில ஆண்டு செலவிட்டுக் கட்டிய கல்வீடு, குடிபுகும் தறுவாயிலே, 1913 ஆகஸ்டிலே ஓர் இரவிலே எரிந்து போயிற்று. சிறுநீரகம் கெட்டது. 1916 மார்ச்சிலே சோசலிஸ்டுக் கட்சியிலிருந்து விலகினார். கட்சிக்குப் போராடும் சூடு குறைந்துவிட்டது என்று காரணம் சொன்னார். பெரும் பண்ணையிலே இருந்துகொண்டு அதைச் சொன்னார் என்பதையும் குறித்துக்கொள்வோம். அதே ஆண்டு நவம்பர் 22இலே இறந்தார். வயது நாற்பது. எழுதிய நூல்கள் ஏறத்தாழ ஐம்பது.

அவருடைய உயிலைத் திறந்தபோது, மாதாமாதம் பணம் தரவேண்டியவர்களின் பெயர்களுக்கு நடுவே ஒரு பெயர் இருந்தது. வர்ஜீனியா பிரென்டிஸ். பால் கொடுத்த பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, அந்த அம்மையார் மேலும் சில ஆண்டு உயிரோடிருந்தார்.

1924 ஜனவரியிலே, மாஸ்கோவுக்கு அருகே கோர்க்கி என்ற சிற்றூரிலே, லெனின் இறுதிப் படுக்கையிலே இருந்தார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அவருடைய துணைவியார் குரூப்ஸ்கயா ஒரு கதையைப் படித்துக் காட்டினார். பனிப் பாலைவனத்திலே, பசியால் செத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதன், பசியால் செத்துக்கொண்டிருக்கும் ஓர் ஓநாய் பின்தொடர, தவழ்ந்து தவழ்ந்து துறைமுகம் நோக்கிப் போகும் கதை. ஜாக் லண்டன் எழுதியது. லெனினுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. மறுநாள் அவருடைய கதையே இன்னொன்று வேண்டும் என்று கேட்டார். படித்தார் அம்மையார். அது, முதலாளிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காகவே உயிரை விடும் கப்பல் தலைவனின் கதை. லெனின் சிரித்தார், போதும் என்று கையை அசைத்துவிட்டார்.